எதிர்க்கடை விரித்தவர்கள்

ஒரு தீய பழக்கத்தை ஒழிக்க விரும்பும் சீர்திருத்தக்காரனுக்கு எக்காலத்திலும் மூன்று வழிகளே திறந்திருக்கின்றன: உபதேசம் செய்யலாம், சட்டம் இயற்றலாம், அல்லது அந்தப் பழக்கத்தைக் காட்டிலும் மனத்தை இழுக்கக்கூடிய வேறொன்றைக் கொண்டுவந்து அதன் எதிரே வைக்கலாம். இவற்றுள் மூன்றாவது வழியை ஒரு கொள்கையாகவே வகுத்துக்கொண்டு, அதற்கென்று பணம் திரட்டி, கட்டடங்கள் எழுப்பி, பார்லிமெண்டில் மசோதாக்களும் கொண்டுவந்து, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் பரீட்சித்துப் பார்த்த தேசம் இங்கிலாந்து. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'கவுன்ட்டர் அட்ராக்‌ஷன்'. ஒரே மாலையில் ஊரின் ஒரு கோடியில் நாடகமும் மறு கோடியில் வாணவேடிக்கையும் நடக்குமானால் ஒன்றுக்கு மற்றொன்று போட்டி என்று குறிப்பதற்கு இன்று புகழுமின்றி இகழுமின்றி வழங்கிவரும் அந்தச் சொல், விக்டோரியா மகாராணியின் காலத்து மதுவிலக்குப் பிரசாரகர்களின் வாயில் திட்டவட்டமானதோர் அர்த்தத்தைத் தாங்கி நின்றது: ஒரு பக்கம் மதுச்சாலை, அங்கிருந்து தொழிலாளியைத் தன்பால் இழுக்கவல்ல குற்றமற்ற இன்பம் மறு பக்கம். அதை எதிர்க்கவர்ச்சி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

எதிர்க்கவர்ச்சியின் பலத்தை மதிப்பிடுவதற்கு முன்னால், அது எதிர்த்து நின்ற கவர்ச்சியின் பலத்தை அறிய வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாஞ்செஸ்டரிலோ லீட்ஸிலோ ஆலைவேலை செய்து பிழைத்தவனுக்கு வீடு என்பது பெரும்பாலும் ஈரம் ஊறிய ஓர் அறை, அல்லது இரண்டு அறைகள். அங்கே கணப்புக்கு நிலக்கரியும் வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தியும் தனித்தனியே காசு கொடுத்து வாங்க வேண்டும். மதுச்சாலையிலோ, கணப்பும் வெளிச்சமும் பேச்சுத்துணையும் ஒரு குவளை பீரின் விலைக்குள்ளேயே அடங்கிவிட்டன. முத்திரை வரியினால் விலையேறி, ஏழைக்கு எட்டாதிருந்த செய்தித்தாளை அவன் அங்கேதான் படித்தான், அல்லது படிக்கக் கேட்டான். ஈமச் செலவுக்கென்று வாரந்தோறும் காசு கட்டும் சங்கமும், தொழிற்சங்கமும் கூடுவதற்கு அங்கேதான் இடம் கிடைத்தது. அவனுடைய கூலியே பல தொழில்களில் அங்கே வைத்துத்தான் பட்டுவாடா செய்யப்பட்டது. சுரங்கத் தொழிலாளருக்கு 1842-லும், ஏனைய தொழிலாளருக்குப் பொதுவாக 1883-லும் சட்டம் செய்துதான் அந்த வழக்கத்தை நிறுத்த வேண்டியிருந்தது. குடிப்பதற்குக் கிடைத்த தண்ணீரும் நம்பிக் குடிக்கத்தக்கதாக இல்லை. ஆகவே மதுச்சாலைக்குள் நுழைந்தவர்கள் அனைவரும் மதுவை நாடியே நுழைந்தார்கள் என்று எண்ணுவது பிழையாகும். மது அவர்கள் செலுத்திய வாடகை என்று சொல்வதே பல சமயங்களில் உண்மைக்கு நெருங்கியதாக இருக்கும்.

ஒரு கவர்ச்சியை இன்னொரு கவர்ச்சியால் வெல்லலாம் என்னும் எண்ணத்தை முதன்முதலில் பெரிய அளவில் செயலாக்கியவர்கள் மதுவிலக்குக்காரர்கள் அல்லர், சர்க்காரே. ஜின் என்னும் காரமான சாராயத்தில் வீழ்ந்து கிடந்த ஏழைகளை, அதைவிடச் சாதுவானதென்று கருதப்பட்ட பீரின் பக்கம் திருப்பும் நோக்கமும் உள்ளடங்க, 1830-இல் ஒரு பீர்ச் சட்டம் நிறைவேறிற்று. வரி செலுத்தும் எவனும் இரண்டு கினி கட்டணம் கட்டினால் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்று அது அனுமதித்தது. விளைவு, சில ஆண்டுகளுக்குள் பல்லாயிரக்கணக்கான பீர்க் கடைகள் முளைத்தன. அவற்றின் போட்டியைச் சமாளிக்க ஜின் கடைக்காரர்கள் தங்கள் கடைகளைப் பெரிய கண்ணாடிப் பலகைகளாலும், பித்தளை வேலைப்பாடுகளாலும், பிரகாசமான எரிவாயு விளக்குகளாலும் அலங்கரித்து மாளிகைகளாக்கினார்கள். ஜின்னும் குறையவில்லை, பீரும் பெருகிற்று. போட்டி கடைக்காரனுக்கும் பாடம் கற்பிக்கும் என்ற இந்த முதல் அநுபவத்தைப் பின்னால் வந்த சீர்திருத்தக்காரர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

இந்தக் குழப்பத்தின் நடுவே எழுந்தவர் ஜேம்ஸ் சில்க் பக்கிங்ஹாம். இந்தியப் பத்திரிகைகளின் சரித்திரம் அறிந்தவர்களுக்கு இவர் அந்நியர் அல்லர். 1818-இல் 'கல்கத்தா ஜர்னல்' என்ற பத்திரிகையைத் தொடங்கி, கம்பெனி அதிகாரிகளை அஞ்சாமல் கண்டித்ததற்காக 1823-இல் இந்நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர். ஷெஃபீல்டு நகரத்தின் பிரதிநிதியாகப் பார்லிமெண்டில் அமர்ந்த பிறகு, 1834-இல், குடிப்பழக்கத்தை விசாரிக்கும் ஒரு கமிட்டியை ஏற்படுத்தச் செய்து அதற்குத் தாமே தலைமை தாங்கினார். சபையில் பலர் அதைக் 'குடிகாரக் கமிட்டி' என்று எள்ளி நகையாடினார்கள். ஆயினும் அந்தக் கமிட்டியின் அறிக்கையில், மது வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் யோசனைகளோடு, வேறொரு வகையான யோசனையும் இடம் பெற்றிருந்தது: ஒவ்வொரு நகரத்தின் அருகிலும் பொது நடைபாதைகளும் தோட்டங்களும் அமைக்க வேண்டும், பொது நூல்நிலையங்களும் காட்சிசாலைகளும் வாசகசாலைகளும் திறக்க வேண்டும், அவை சொற்பச் செலவில் எல்லோருக்கும் கிட்ட வேண்டும். பக்கிங்ஹாம் அடுத்த ஆண்டு கொண்டுவந்த மசோதாக்கள் தோற்றுப்போயின என்றாலும், அவர் கேட்டவை ஒவ்வொன்றாகப் பிற்காலத்தில் வந்தே தீர்ந்தன.

முதலில் வந்தவை பூங்காக்கள். 1840-இல் ஜோசப் ஸ்ட்ரட் என்னும் ஆலை முதலாளி டார்பி நகரத்துக்கு ஓர் அழகிய மரத்தோட்டத்தை வழங்கினார். 1846 ஆகஸ்டில் மாஞ்செஸ்டருக்கும் அதன் அண்டை ஊரான சால்ஃபோர்டுக்குமாக ஒரே நாளில் மூன்று பூங்காக்கள் திறக்கப்பட்டன. டார்பியின் தோட்டம் வாரத்தில் இரண்டு நாள்கள் மாத்திரமே இலவசமாக இருந்தது என்பதையும், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலய வழிபாட்டு நேரத்தில் அது மூடிக் கிடந்தது என்பதையும் நோக்கினால், கொடுத்தவர்களின் கை எவ்வளவு தாராளமோ அவ்வளவு தயக்கமும் உடையதாக இருந்தது விளங்கும். காட்சிசாலைகளுக்கான சட்டம் 1845-இலும், வில்லியம் யூவர்ட் என்பவரின் முயற்சியால் நூல்நிலையச் சட்டம் 1850-இலும் நிறைவேறின. இந்த இரண்டாவது சட்டத்திலும் அதே தயக்கத்தைக் காணலாம்: பதினாயிரம் பேருக்குக் குறையாத ஜனத்தொகையுள்ள நகரங்கள், வரி செலுத்துவோரில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால், ஒரு பவுனுக்கு அரைப் பென்னி வீதம் வரி விதித்து நூல்நிலையக் கட்டடம் எழுப்பிக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பணத்தில் ஒரு புத்தகமும் வாங்கக் கூடாது! புத்தகங்கள் தர்மவான்களின் கொடையாக வரவேண்டும் என்று சட்டம் எதிர்பார்த்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின்பே இந்த விநோதம் திருத்தப்பட்டது. இதற்கிடையில், 1852 செப்டம்பரில் மாஞ்செஸ்டரின் இலவச நூல்நிலையம் டிக்கன்ஸும் தாக்கரேயும் வந்திருந்து சிறப்பிக்கத் திறக்கப்பட்டது. 1857-இல் தென் கென்சிங்டன் காட்சிசாலையை நிறுவிய ஹென்றி கோல், பகலெல்லாம் உழைப்பவனுக்குப் பகலில் மட்டும் திறந்திருக்கும் காட்சிசாலையால் யாதொரு பயனுமில்லை என்று கண்டு, எரிவாயு விளக்கேற்றி அதை இரவிலும் திறந்துவைத்தார். ஜின் மாளிகைக்கு அதுவே மாற்று மருந்தாகும் என்பது அவருடைய நம்பிக்கை.

இவையெல்லாம் மேலிருந்து இறங்கிவந்த கொடைகள். கீழிருந்து எழுந்த முயற்சி வேறு விதமாக இருந்தது. பிரெஸ்டன் நகரத்தில் பாலாடைக்கட்டி வியாபாரம் செய்துவந்த ஜோசப் லிவ்ஸியும் அவருடைய தோழர்களும் 1832-இல் எல்லா வகை மதுவையும் அறவே விடுவதாகப் பிரதிக்ஞை செய்தார்கள். பெரும்பாலும் தொழிலாளரும் சிறு வியாபாரிகளுமே நிறைந்த அந்த இயக்கத்தினர், மதுச்சாலையைத் துறந்தவனுக்கு மாலைப்பொழுதைக் கழிக்க ஓர் இடம் வேண்டும் என்பதைத் தம் சொந்த வாழ்க்கையிலிருந்தே அறிந்திருந்தமையால், தேநீர் விருந்துகளும், வாத்தியக் கோஷ்டிகளும், ஊர்வலங்களும் நடத்தினார்கள். அந்தச் சூழ்நிலையில் பிறந்ததுதான் தாமஸ் குக்கின் யோசனை. மரவேலை செய்து பிழைத்த பாப்டிஸ்டுப் பிரசங்கியாகிய அவர், மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக நடந்து சென்றுகொண்டிருந்தபோது, புதிதாக வந்திருந்த ரயிலை இந்தத் தொண்டில் ஈடுபடுத்தினால் என்ன என்று எண்ணினார். 1841 ஜூலை 5-ஆம் தேதி, லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் சுமார் 500 பேர் தனி ரயிலில் சென்று, தேநீர் அருந்தி, விளையாடி, பிரசங்கம் கேட்டுத் திரும்பினார்கள். பத்தாண்டுகளுக்குப் பின், 1851-இல் லண்டன் ஹைடு பூங்காவில் மகா பொருட்காட்சி நடந்தபோது, ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேரை அங்கே அழைத்துச் சென்றவர் அதே குக். அறுபது லட்சம் பேர் வந்து பார்த்த அந்தப் பொருட்காட்சிக்குள் மது விற்கப்படவில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புட்டிகள் சோடாவும் அதைப் போன்ற பானங்களுமே விற்றன.

1859-இல் சாமுவேல் கர்னி என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் லண்டனில் இலவசக் குடிநீர் ஊற்றுகளுக்கென ஒரு சங்கம் கண்டார். ஹோல்பர்ன் பகுதியில், செயின்ட் செபல்கர் தேவாலயத்தின் மதிலில் முதல் ஊற்று அவ்வாண்டு ஏப்ரலில் திறக்கப்பட்டது. காலராவினால் நடுங்கிப்போயிருந்த நகரத்தில் சுத்தமான தண்ணீர் காசில்லாமல் கிடைத்தது சாமானியமான விஷயமன்று. ஊற்றுகள் பலவற்றை மதுச்சாலைகளின் எதிரிலேயே அமைத்தார்கள். எதிர்க்கவர்ச்சி என்னும் கொள்கை கண்ணுக்குத் தெரியும்படி நின்ற இடம் இதைப்போல் வேறில்லை.

இத்தனை முயற்சிகளுக்கும் சிகரமாக எண்ணப்பட்டவை காபிச் சாலைகள். லீட்ஸ் நகரத்தில் 1867-இல் மதுவில்லாத மதுச்சாலை ஒன்று தோன்றிற்று. லிவர்பூலில் 1875-இல் ஒரு கம்பெனி இத்தகைய சாலைகளை வரிசையாகத் திறந்து, பங்குதாரர்களுக்கு லாபமும் கொடுத்தது. அடுத்த ஆண்டு லண்டனிலும் ஒரு காபிச்சாலைக் கம்பெனி ஏற்பட்டது. பிரபுக்களும், பாதிரிமார்களும், தர்ம சிந்தையுள்ள சீமாட்டிகளும் பங்குகள் வாங்கினார்கள். மதுச்சாலைக்கு இருந்ததுபோலவே வாசலில் பெயர்ப்பலகை, உள்ளே நீண்ட விற்பனைப் பலகை, கண்ணாடிகள், விளக்குகள் எல்லாம் அமைத்து, பீர் இருக்கவேண்டிய இடத்தில் காபியையும் கோகோவையும் வைத்தார்கள். ஆனால் சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலானவை நலிந்து மூடப்பட்டன. காரணம் மர்மமானதன்று: காபி நன்றாக இல்லை. உணவு அதைவிட மோசம். நடத்தியவர்களுக்கு வியாபாரம் தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டும் என்ற எண்ணமும் இல்லை, ஏனென்றால் தாங்கள் விற்பது காபியல்ல, நல்லொழுக்கம் என்றே அவர்கள் கருதினார்கள். சுவரில் வேத வாக்கியங்களும் மேஜைமேல் துண்டுப் பிரசுரங்களும் காத்துக்கொண்டிருக்க, தான் திருத்தப்படுவதற்காகவே அழைக்கப்பட்டிருப்பதை ஒவ்வொரு மடக்கிலும் உணர்ந்த தொழிலாளி, காபியைக் கீழே வைத்துவிட்டு எதிர்ச்சாரிக்குப் போய்விட்டான். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்திலே, பின்னாளில் விக்டோரியா மாகாணத்தின் பிரதம மந்திரியான ஜேம்ஸ் மன்றோ, 1886-இல் பெரிய ஹோட்டல் ஒன்றை வாங்கி, அதன் மது லைசென்ஸைப் பகிரங்கமாகக் கொளுத்திவிட்டு, அதைக் காபி மாளிகையாக்கினார். 1897-இல் அதே கட்டடம் மீண்டும் மது லைசென்ஸ் பெற்றது. ஆனால் 1894-இல் லண்டன் பிக்காடிலியில் லயன்ஸ் கம்பெனியார் திறந்த தேநீர்க்கடையும் அதைத் தொடர்ந்து பெருகிய அவர்களுடைய கடைகளும், எவரையும் திருத்த முற்படாமல், தேநீரை நன்றாகப் போட்டு நியாயமான விலைக்கு விற்றதனாலேயே கூட்டத்தை இழுத்தன.

தொழிலாளர் கழகங்களின் கதையும் இதே பாடத்தை வேறொரு திசையிலிருந்து போதிக்கிறது. ஹென்றி சாலி என்னும் பாதிரியார் 1862-இல் தொழிலாளர் கழகங்களின் ஐக்கிய சங்கத்தை ஏற்படுத்தியபோது, மதுச்சாலையின் தோழமை முழுவதையும் மது நீங்கலாகக் கொடுப்பதே அவருடைய உத்தேசம். அங்கத்தினர்களோ, எங்களுக்கு வேண்டியதை நாங்களே தீர்மானித்துக்கொள்கிறோம் என்றார்கள். சில ஆண்டுகளுக்குள் சாலி மனம் இறங்கிப் பீருக்கு இடம் கொடுத்தார். 1880-களில் பிரபுக்களின் ஆதரவையும் மேற்பார்வையையும் உதறிவிட்டு, தொழிலாளர்களே நிர்வாகத்தைக் கைக்கொண்டார்கள். அன்றுமுதல் கழகங்கள் செழித்தன. மதுச்சாலைக்கு எதிராகத் தொடங்கிய ஸ்தாபனம், தங்கள் வியாபாரத்தைக் கெடுக்கும் போட்டியாளி என்று மதுச்சாலைக்காரர்களே புகார் சொல்லும் அளவுக்குப் பீர் விற்கத் தொடங்கியது. சாலியின் கண்கொண்டு பார்த்தால் இது தோல்வி. ஆனால் அந்தக் கழகத்தில் லாபம் முதலாளிக்குப் போகவில்லை, அங்கத்தினர்களிடமே தங்கிற்று. நூல்நிலையமும் பிரசங்கமும் பீரோடு கூடவே இருந்தன. குடிப்பவன் அங்கே குடித்தான், ஆனால் தன் சொந்த வீட்டில் குடித்தான்.

கொள்கையைப் பேசியவர்களே அதைத் தம் கையால் முறித்துக்கொண்ட விந்தையும் உண்டு. தொழிலாளிக்கு முழு ஓய்வு கிடைத்த நாள் ஞாயிறு ஒன்றே. அன்றோ, ஓய்வுநாளின் புனிதத்தைக் காப்பதாகக் கூறி, காட்சிசாலைகளையும் சித்திரசாலைகளையும் பூட்டிவைத்தார்கள். மதுச்சாலையோ, வழிபாட்டு வேளை நீங்கலாகத் திறந்தே இருந்தது. கவர்ச்சியைத் திறந்துவிட்டு எதிர்க்கவர்ச்சியைப் பூட்டிவைத்த இந்த ஏற்பாட்டை எதிர்த்து 1855-இலேயே ஒரு சங்கம் தோன்றியபோதிலும், பிரிட்டிஷ் மியூசியத்தின் கதவுகள் ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்தது 1896-இல்தான்.

இனி, தன் பிறப்பின் காரணத்தையே கடந்து வளர்ந்த ஒரு ஸ்தாபனத்தைச் சொல்ல வேண்டும். லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் 1818-இல் கட்டப்பட்டு, பிற்பாடு விக்டோரியாவின் பெயரைத் தாங்கி, கடைசியில் மதுவும் சண்டையும் மலிந்த கேளிக்கை இடமாகச் சீர்குலைந்திருந்த நாடகசாலை ஒன்றை, ஏழைகளின் குடியிருப்பு வசதிக்காக உழைத்துவந்த எம்மா கான்ஸ் என்னும் அம்மையார் கைக்கொண்டு, 1880 டிசம்பர் 26-ஆம் தேதி, 'ராயல் விக்டோரியா காபி சங்கீத மண்டபம்' என்ற பெயரோடு திறந்துவைத்தார். உள்ளே மது கிடையாது. காபி உண்டு, ஆபாசமற்ற பாட்டும் கூத்தும் உண்டு. ஆரம்ப வருஷங்கள் நஷ்டத்திலேயே கழிந்தன. சாமுவேல் மார்லி என்ற தனவந்தர் கைகொடுத்திராவிட்டால் அதுவும் மற்றக் காபிச் சாலைகளின் வழியே போயிருக்கும். ஆனால் அம்மையார் நஷ்டத்திலிருந்து கற்றுக்கொண்டார். 1882-இல் ஒரு பென்னிக் கட்டணத்தில் விஞ்ஞானப் பிரசங்கங்கள் தொடங்கினார். அவற்றுக்கு வந்த தொழிலாளர்கள் இன்னும் படிக்கவேண்டும் என்று கேட்க, அதிலிருந்து 1889-இல் மார்லி கல்லூரி பிறந்தது. 1912-இல் எம்மா கான்ஸ் காலமான பின் பொறுப்பேற்ற அவருடைய சகோதரி மகள் லிலியன் பேலிஸ், 1914-இலிருந்து ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஏழைகளுக்கு எட்டிய விலையில் நடத்தத் தொடங்கி, 1923-க்குள் அவருடைய நாடகங்களின் முதல் அச்சுத் தொகுதியில் உள்ளவை அனைத்தையும் மேடையேற்றி முடித்தார். ஓல்டு விக் என்று இன்று உலகம் அறிந்த அந்த அரங்கிலேதான் 1963-இல் இங்கிலாந்தின் தேசிய நாடகக் குழு தன் முதல் நாடகத்தை நடத்திற்று. அங்கே ஹாம்லெட்டைக் காண வந்தவன், தன்னைக் குடியிலிருந்து மீட்பதற்காக இது நடக்கிறது என்று நினைத்து வரவில்லை. நினைத்திருந்தால் வந்திருக்கவும் மாட்டான்.

குடியின் அளவு இங்கிலாந்தில் 1870-களில் உச்சத்தை எட்டி, அதன்பின் மெல்லக் குறைந்தது. அந்தக் குறைவில் சீர்திருத்தக்காரர்களுக்கு உள்ள பங்கை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சனிக்கிழமைப் பிற்பகலின் கால்பந்தாட்டமும், மலிவான ரயில் பயணமும், சைக்கிளும், பிறகு சினிமாவும், மதுவோடு போட்டியிடும் நோக்கமே இல்லாமல், மதுவுக்குச் செல்லும் காசையும் நேரத்தையும் பங்குபோட்டுக்கொண்டன. தேநீரும் அப்படியே. நூற்றாண்டின் நடுவில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டு ராத்தலைக்கூட எட்டாதிருந்த அதன் செலவு, 1900-க்குள் ஆறு ராத்தலை எட்டிவிட்டது. சீனத் தேயிலைக்குப் பதிலாக அஸ்ஸாமிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மலிவான தேயிலை வந்து குவிந்ததே அதற்குக் காரணம். இலங்கையின் மலைத்தோட்டங்களில் அந்தக் கொழுந்தைக் கிள்ளியவர்கள் தமிழகத்திலிருந்து சென்ற ஏழைகள். ஆங்கிலத் தொழிலாளியை மதுவிலிருந்து மீட்ட பானத்தை அவர்கள் பறித்துக் கொடுத்தார்கள்; அவர்கள் கூலியையோ தோட்டங்களை அடுத்திருந்த தவறணைகள் என்னும் மதுக்கடைகள் பறித்துக்கொண்டன.

இந்தக் கொள்கை நம் நாட்டிற்கும் வந்தது. ராஜாஜி 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமல்படுத்தியபோது, கடையை மூடுவதோடு காரியம் முடிந்துவிடாது, கள்ளுக்கடையில் கழிந்த மாலையை வேறெதனாலாவது நிரப்ப வேண்டும் என்பது உணரப்பட்டிருந்தது; பஜனையும், கூத்தும், விளையாட்டும் கிராமங்களில் ஊக்குவிக்கப்பட்டன. களைத்து வரும் தொழிலாளி உட்கார்ந்து இளைப்பாறவும், மலிவான நல்ல சிற்றுண்டி உண்ணவும், விளையாடவும் இடங்கள் அமைக்குமாறு காந்தியடிகள் 1941-இல் நிர்மாணத் திட்டத்தைப் பற்றி எழுதிய சிறு நூலில் காங்கிரஸ் கமிட்டிகளுக்கு யோசனை கூறினார். ஆனால் இங்கே முறை தலைகீழானது என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் மதுச்சாலை திறந்தே கிடக்க, எதிர்க்கவர்ச்சி அதனோடு நாள்தோறும் மல்லாடித் தன் தகுதியை நிரூபிக்க வேண்டியிருந்தது. இங்கே சட்டமே போட்டியாளியை அகற்றிவிட்டது. போட்டியில்லாத இடத்தில் பஜனை மடம் சரியாக நடக்கிறதா, ஜனங்கள் விரும்பி வருகிறார்களா என்று கேட்கும் அவசியம் எந்த அதிகாரிக்கும் ஏற்படவில்லை. மதுவினால் சர்க்காருக்கு வந்துகொண்டிருந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விதிக்கப்பட்ட விற்பனை வரி மட்டும், யுத்த காலத்தில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டபோதும், பின்னர் 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தபோதும், இடையறாமல் வளர்ந்துவந்தது.

ஒன்றை எதிர்ப்பதற்காக மட்டும் எழுப்பப்பட்டவை நிலைக்கவில்லை. தம்மளவில் நேசிக்கத்தக்கவையாக இருந்தவை நிலைத்தன. நூல்நிலையத்துக்குள் நுழைகிறவன் புத்தகத்துக்காக நுழைகிறான், பூங்காவில் உலாவுகிறவன் மரத்துக்காக உலாவுகிறான், ரயிலேறுகிறவன் ஊர் பார்ப்பதற்காக ஏறுகிறான். அவற்றை நிறுவியவர்களின் உள்ளத்தில் ஜின் மாளிகை இருந்தது என்பதை அவர்கள் அறிய வேண்டிய அவசியமில்லை. காபிச் சாலையை நிறுவியவர்கள் வந்தவனுடைய நாக்கைப் பொருட்படுத்தவில்லை, அவனுடைய ஆத்மாவையே பொருட்படுத்தினார்கள். அந்தப் பெரிய அக்கறைக்குள் ஒளிந்திருந்த அலட்சியத்தை அவன் முதல் வாய் காபியிலேயே கண்டுகொண்டான். ஏழைக்கு இன்பம் அளிக்க முற்படுகிறவர்கள், தாம் விரும்பி உட்காராத இடத்தில் அவனை உட்காரச் சொல்வதும், தாம் விரும்பிக் குடிக்காததை அவனுக்கு ஊற்றிக் கொடுப்பதும் நிற்கும்வரை, எதிர்க்கடை விரிப்பவர்களுக்குக் கொள்வார் கிடைப்பது அரிது.